காயத்தைக் காட்டும் துணிவு: ஒப்புரவு அருட்சாதனம் கடந்து வந்த பாதை

நம் பாட்டன் பாட்டியர் இதனைப் 'பாவசங்கீர்த்தனம்' என்றனர். நாமோ 'ஒப்புரவு அருட்சாதனம்' என்கிறோம். சொல் மாறியதில் இழப்பும் உண்டு, ஆதாயமும் உண்டு. 'சங்கீர்த்தனம்' என்னும் வடசொல் முழுமையாக எடுத்துரைப்பதையும் குறிக்கும், புகழ்ந்து பாடுவதையும் குறிக்கும். இலத்தீன் திருச்சபை பயன்படுத்திய 'கொன்பெஸ்ஸியோ' என்னும் சொல்லுக்கும் இதே இரு பொருள் உண்டு என்பது வியப்புக்குரியது. குற்றத்தை ஏற்றுச் சொல்வதும் இறைவனைப் புகழ்வதும் ஒரே வாயிலிருந்து, ஒரே மூச்சில் எழ வேண்டியவை என்பதை அவ்விரு சொற்களும் நமக்கு உணர்த்துகின்றன. 'ஒப்புரவு' என்பதோ வள்ளுவர் ஓர் அதிகாரத்திற்கே தலைப்பாக வைத்த சொல். பிறரோடு ஒத்து, பிறர்க்கு உதவி வாழும் பண்பு அது. பழைய சொல் நம்மை இறைவன் முன் நிறுத்தியது. புதிய சொல் நம்மை அயலார் பக்கமும் திருப்புகிறது.

1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி இந்த அருட்சாதனத்தை நோயில்பூசுதலுடன் சேர்த்து, 'குணமளிக்கும் அருட்சாதனங்கள்' என்னும் பிரிவில் வைத்துள்ளது. ஏட்டில் இவ்வாறு இருக்க, நடைமுறையில் நாம் காண்பது என்ன? நோய் நீங்கச் செபிக்கும் கூட்டங்களுக்கு மக்கள் ஊர்விட்டு ஊர் பயணம் செய்கின்றனர். இரவெல்லாம் விழித்திருந்து கண்ணீரோடு மன்றாடுகின்றனர். அதே மக்களின் பங்கு ஆலயத்தில் பாவசங்கீர்த்தனத் தொட்டி பல வாரங்கள் வெறுமையாய்க் கிடக்கிறது. குணம் வேண்டுமானால் அங்கே போக வேண்டும், கணக்கு ஒப்புவிக்க வேண்டுமானால் இங்கே வரவேண்டும் என்னும் எண்ணம் பலர் மனத்தில் வேரூன்றிவிட்டது. அருட்சாதனத்தை மருத்துவமனையாகக் காணாமல் நீதிமன்றமாக மட்டும் காண எப்போது கற்றுக்கொண்டோம்? இதற்கு விடை காண, திருச்சபை கடந்து வந்த இரண்டாயிரம் ஆண்டுப் பாதையைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

கூரையைப் பிரித்து இறக்கப்பட்டவர்

மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் சுமந்து வருகின்றனர். அவர்கள் வேண்டியது நடக்கக் கால்கள். இயேசு முதலில் அளித்ததோ பாவமன்னிப்பு. அதன் பிறகே படுக்கையை எடுத்துக்கொண்டு நடக்கச் சொன்னார். மன்னிப்பும் குணமும் அங்கே ஒரே இடத்தில், ஒருவர் கையிலிருந்து வருகின்றன. நோயாளி தானாக வரவில்லை, நால்வர் சுமந்து வந்தனர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

யாக்கோபு திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரம் இதே இணைப்பைத் திருச்சபையின் வாழ்வில் காட்டுகிறது. நோயுற்றவர் மூப்பர்களை அழைக்க வேண்டும், அவர்கள் எண்ணெய் பூசி இறைவேண்டல் செய்ய வேண்டும், விசுவாசிகள் ஒருவர் மற்றவரிடம் பாவங்களை அறிக்கையிட்டு ஒருவருக்காக ஒருவர் மன்றாடிக் குணம்பெற வேண்டும் என்று அத்திருமுகம் அறிவுறுத்துகிறது. அறிக்கை, இறைவேண்டல், குணம் ஆகிய மூன்றும் அங்கே ஒரே சரடில் கோக்கப்பட்டுள்ளன.

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பிறவியிலேயே பார்வையற்ற மனிதரைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவத்தின் விளைவு என்று கேட்டபோது, அவர் செய்த பாவமும் அன்று, பெற்றோர் செய்த பாவமும் அன்று என ஆண்டவர் தெளிவாக மறுத்துவிட்டார் (யோவான் 9). ஆகவே நோயெல்லாம் பாவத்தின் தண்டனை என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. பாவம் மனிதனைக் காயப்படுத்துகிறது என்பது வேறு, காயம்பட்டவனெல்லாம் பாவி என்பது வேறு. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்ட காலங்களில் திருச்சபையின் மேய்ப்புப் பணி தடுமாறியதை வரலாறு காட்டும்.

வாழ்நாளில் ஒரே ஒருமுறை

முதல் நூற்றாண்டுகளில் பாவமன்னிப்பின் பேரருவி திருமுழுக்கே. திருமுழுக்குப் பெற்றபின் கொலை, விபசாரம், விசுவாச மறுதலிப்பு போன்ற பெரும் பாவங்களில் விழுந்தவர்க்கு வழி உண்டா? இரண்டாம் நூற்றாண்டில் உரோமையில் எழுதப்பட்ட எர்மாவின் 'மேய்ப்பர்' என்னும் நூல், ஒரே ஒருமுறை உண்டு என்றது. வட ஆப்பிரிக்கக் கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன், மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனமாற்றத்தைப் பற்றி எழுதிய நூலில் ஓர் அரிய உவமையைக் கையாள்கிறார். உடலின் மறைவிடத்தில் நோய் கண்டவர்கள் வெட்கத்தால் மருத்துவரிடம் காட்டாமல் மறைத்து, வெட்கத்தோடு சேர்ந்து தாமும் அழிகின்றார்கள். பாவத்தை மறைப்பவரும் அத்தகையோரே என்பது அவர் கருத்து. தொட்டியின் வாசல்வரை வந்து திரும்பிப் போகிறவர்களின் மனநிலையை அவர் அன்றே கண்டிருக்கிறார்.

கி.பி. 250-இல் தெசியு பேரரசன் எல்லாரும் உரோமைத் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெற வேண்டும் என ஆணையிட்டான். பலர் உயிரைக் கொடுத்தனர். அவர்களினும் பலர் அஞ்சிப் பலியிட்டனர். வேறு சிலர் பலியிடாமலே பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினர். புயல் ஓய்ந்ததும் இவர்களெல்லாம் அழுதுகொண்டு திருச்சபையின் கதவைத் தட்டினர். கதவைத் திறக்கவே கூடாது என்றார் உரோமையில் நொவாசியன். உடனே திறந்துவிடலாம் என்றனர் வேறு சிலர். கார்த்தேஜ் ஆயர் புனித சிப்ரியான் இரண்டையும் ஏற்கவில்லை. சீழ் கோத்த புண்ணை வலிக்குமே என்று மெல்லத் தடவிக்கொடுப்பவன் கைதேராத மருத்துவன். புண்ணைத் திறந்து தூய்மை செய்பவனே நல்ல மருத்துவன் என்று அவர் எழுதினார். அதே வேளையில் 251-இல் கூடிய ஆயர் மன்றத்தின் வழியாக, ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியே ஆராய்ந்து அவர்களைத் திரும்பச் சேர்க்க வழிசெய்தார். மீண்டும் துன்புறுத்தல் வரும் என்று அஞ்சப்பட்டபோது, மனம் வருந்திக் காத்திருந்த அனைவரையும் ஏற்றுக்கொண்டார். போருக்குப் போகிறவர்களை ஆயுதமின்றி அனுப்பலாகாது என்பது அவர் எண்ணம்.

அடுத்து வந்த நூற்றாண்டுகளில் இது ஓர் ஒழுங்காக வளர்ந்தது. பெரும் பாவம் செய்தவர் ஆயரிடம் அறிக்கையிட்டு, பாவப் பரிகாரம் செய்வோரின் அணியில் சேர்ந்தார். அவர் நோன்பிருந்தார், தருமம் செய்தார், நற்கருணை உட்கொள்ளாமல் காத்திருந்தார். உரோமையில் பெரிய வியாழனன்று ஆயர் அவர்மேல் கைகளை வைத்து மன்றாடித் திருச்சபையில் மீண்டும் சேர்த்தார். அதுவரை முழுச் சபையும் அவருக்காக மன்றாடியது. அரசனுக்கும் இதில் விலக்கில்லை. 390-இல் தெசலோனிக்காவில் மக்களைக் கொன்று குவிக்கக் காரணமான தெயோதோசியு பேரரசன், மிலான் ஆயர் புனித அம்புரோசியாரின் கண்டிப்புக்குப் பணிந்து, பேரரசனுக்குரிய அணிகளைக் களைந்து பரிகாரம் செய்த பிறகே நற்கருணைக்குத் திரும்பினான்.

சிறப்பான ஏற்பாடுதான். ஆனால் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் கிடைக்கும், அதற்குப் பின்னும் சில தடைகள் இறுதிவரை தொடரும் என்றால் மக்கள் என்ன செய்வார்கள்? சாகும்வரை தள்ளிப்போட்டார்கள். 325-இல் கூடிய நிசேயா பொதுச்சங்கம், சாகும் தறுவாயில் இருப்பவருக்கு வழியுணவாகிய நற்கருணையை மறுக்கலாகாது என ஆணையிட்டது. அக்கருணை தேவையானதே. எனினும் காலப்போக்கில், வாழ்வதற்குத் தரப்பட்ட மருந்து சாவதற்கு முன் தொட்டுவைக்கும் மருந்தாகச் சுருங்கிப் போயிற்று.

பாலைவனமும் பசுந்தீவும்

புது வழி அரண்மனைகளிலிருந்து வரவில்லை. எகிப்தின் பாலைவனங்களில் தவம் செய்த துறவியரிடமிருந்து வந்தது. அங்கே இளம் துறவி தன் உள்ளத்தில் எழும் எண்ணங்களை ஒளிவுமறைவின்றி மூத்தவரிடம் சொல்வது வழக்கம். அம்மூத்தவர் குருவாக இருக்க வேண்டும் என்பதில்லை. தம் காயங்களைத் தாமே அறிந்தவராக இருந்தால் போதும். அவர் கேட்பார், மன்றாடுவார், ஓரிரு சொல் கூறுவார். வெளியே சொன்ன எண்ணம் வலுவிழக்கிறது, மறைத்த எண்ணம் நச்சுப் பாம்பாய் வளர்கிறது என்பது அவர்கள் அனுபவம். அந்த ஞானத்தை யோவான் காசியன் ஐந்தாம் நூற்றாண்டில் கோல் நாட்டின் மார்செய் நகருக்குக் கொண்டுவந்தார். புனித ஆசீர்வாதப்பர் தம் துறவுமட ஒழுங்கில், தவறிய சகோதரரைக் கையாளும் மடத்தலைவர் கைதேர்ந்த மருத்துவரைப் போல் நடக்க வேண்டும் என்று விதித்தார்.

இதே காலத்தில் மற்றொரு காப்பும் ஏற்பட்டது. இத்தாலியின் சில பகுதிகளில் பாவங்களை எழுதி வாங்கி மக்கள் முன் வாசிக்கும் வழக்கம் தலைகாட்டியது. 459-இல் திருத்தந்தை புனித பெரிய சிங்கராயர் அதனைக் கண்டித்துத் தடைசெய்தார். குருவிடம் தனியே அறிக்கையிட்டால் போதும், இல்லையேல் வெட்கத்தாலும் அச்சத்தாலும் பலர் இம்மருந்தையே விட்டு ஓடிவிடுவர் என்று அவர் காரணம் காட்டினார். நோயாளியின் மானத்தைக் காப்பதும் மருத்துவத்தின் ஒரு பகுதி என்பதை அம்மேய்ப்பர் உணர்ந்திருந்தார்.

பாலைவனத்தின் விதை அயர்லாந்து என்னும் பசுந்தீவில் மரமாயிற்று. அங்கே 'ஆன்ம நண்பர்' என்று பொருள்படும் 'அனம்காரா' ஒவ்வொருவருக்கும் வேண்டும் என்பது மரபு. தலையில்லா உடலும் ஆன்ம நண்பரில்லா வாழ்வும் ஒன்று என அம்மக்கள் கருதினர். ஆறாம் நூற்றாண்டில் பின்னியன், கொலும்பானு ஆகியோர் பெயரால் பரிகாரக் கையேடுகள் தோன்றின. நோய்க்கு எதிரான பண்பைக் கொண்டே நோயைத் தீர்க்க வேண்டும் என்னும் அக்கால மருத்துவ நெறியே அவற்றின் அடித்தளம். பேராசைக்காரனுக்கு ஈகையும், பெருந்தீனிக்காரனுக்கு நோன்பும், வம்பு பேசுவோனுக்கு மௌனமும் மருந்தாகத் தரப்பட்டன. மக்கள் எத்தனை முறை விழுந்தாலும் அத்தனை முறையும் வந்து தனியே அறிக்கையிட்டு எழலாம்.

ஐரோப்பாக் கண்டத்திற்குள் இவ்வழக்கம் நுழைந்தபோது எதிர்ப்பு எழாமல் இல்லை. 589-இல் ஸ்பெயினின் தொலேதோவில் கூடிய மூன்றாம் மன்றம், விழுந்தபோதெல்லாம் குருவிடம் மன்னிப்புக் கேட்பதை வெறுக்கத்தக்க துணிச்சல் என்று கண்டித்தது. ஆனால் ஏழாம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சின் ஷாலோனில் கூடிய ஆயர்கள் அதே வழக்கத்தை ஆன்மாவுக்கு மருந்து என வரவேற்றனர். ஒரு தலைமுறை தீது என்று தள்ளியதை மற்றொரு தலைமுறை நன்று என்று ஏற்றது. அருட்சாதனத்தின் உயிர் மாறவில்லை, உடை மாறிற்று. இன்று நாம் பழகிய முறை ஒன்றே ஆதிமுதல் இருந்தது என்று எண்ணுவோர்க்கு இவ்வரலாறு நல்ல பாடம்.

கையேடுகளிலும் நோய் புகுந்தது. இந்தப் பாவத்திற்கு இத்தனை நாள் நோன்பு என்று அட்டவணை போட்டபின், நோன்புக்குப் பதிலாகப் பணம் கட்டலாம், தனக்குப் பதிலாகப் பிறரை நோன்பிருக்க வைக்கலாம் என்ற நிலையும் பின்னாளில் உருவாயிற்று. மருந்தைப் பணக்காரன் வாங்க, பத்தியத்தை ஏழை காத்தான்! பிறர் மருந்துண்ண நம் நோய் தீருமா?

எண்ணெயும் திராட்சை இரசமும்

1215-இல் திருத்தந்தை மூன்றாம் இன்னொசெந்து கூட்டிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், புத்தி விவரம் அறிந்த விசுவாசி ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்து பாஸ்கு காலத்தில் நற்கருணை உட்கொள்ள வேண்டும் என விதித்தது. நம் பெரியோர் 'பாஸ்குக் கடமை' என்று சொன்னது இதைத்தான். இந்தக் கட்டளையை நாம் அறிவோம். ஆனால் அதே இருபத்தோராம் விதியில் அடுத்து வருவதைப் பலர் அறியார். குருவானவர் விவேகமுள்ள மருத்துவராக இருந்து, நல்ல சமாரியரைப் போலக் காயங்களின்மேல் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்க்க வேண்டும், நோயாளியின் சூழ்நிலைகளை அக்கறையோடு கேட்டறிந்து அவருக்கேற்ற மருந்தைத் தேட வேண்டும் என்று அவ்விதி கூறுகிறது. கேட்டதைச் சொல்லாலோ சைகையாலோ வெளியிடும் குருவைப் பணியிலிருந்து நீக்கி, வாழ்நாள் முழுவதும் பரிகாரம் செய்யக் கடுமையான துறவுமடத்திற்கு அனுப்பவும் ஆணையிடுகிறது.

அதற்கு அடுத்த விதி இன்னும் சிந்திக்கத்தக்கது. உடல் மருத்துவர்கள் தம்மிடம் வரும் நோயாளிகளை முதலில் ஆன்ம மருத்துவரை அழைக்கத் தூண்ட வேண்டும் என்கிறது அது. உடல்நோய் சில வேளை பாவத்தினின்று வரலாம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 'சில வேளை' என்ற அளவோடு நின்றது நன்று. ஆயினும் மரணப் படுக்கையில் மட்டும் குருவை அழைத்தால் நோயாளி நம்பிக்கை இழந்து விடுகிறார், ஆகவே முன்கூட்டியே அழைக்க வேண்டும் என்று அவ்விதி தரும் மற்றொரு காரணமே இன்றும் பொருந்துவது. குருவைக் கண்டாலே கடைசி நேரம் வந்துவிட்டது என்று அஞ்சும் வீடுகள் இன்றும் இல்லையா?

தீர்ப்பிருக்கையும் திரைச்சீலையும்

பதினாறாம் நூற்றாண்டில் சீர்திருத்தவாதிகள் இவ்வருட்சாதனத்தின் அடிப்படைகளையே வினவியபோது, திரிதெந்தின் பொதுச்சங்கம் 1551 நவம்பரில் அதன் போதனையை வரையறுத்தது. குருவின் பாவமன்னிப்பு, மன்னிக்கப்பட்டது என்று வெறுமனே அறிவிப்பதன்று, அது நீதித் தீர்ப்புக்கு ஒப்பான செயல் என்று சங்கம் விளக்கியது. மருத்துவ உவமையையும் அது மறக்கவில்லை. தனக்குத் தெரியாத காயத்தை மருந்து ஆற்றாது என்னும் பழைய வாதத்தை அதுவும் எடுத்தாண்டது. ஆனால் பின்வந்த போதகர்களின் நாவில் நீதிமன்றம் ஓங்கி ஒலித்தது. குற்றவாளி, வழக்கு, எண்ணிக்கை, தீர்ப்பு, தண்டனை என்னும் சொற்கள் பெருகின. நாம் தேடிய விடையின் பெரும்பகுதி இங்கே இருக்கிறது. திருச்சபை மருத்துவமனையை மூடவில்லை. ஆனால் அதன் வாசலில் நீதிமன்றத்தின் பெயர்ப்பலகை பெரிதாகத் தொங்கியது.

நாம் தொட்டி என்று அழைக்கும் தடுப்புள்ள இருக்கையும் இக்காலத்ததே. மிலான் பேராயர் புனித சார்லஸ் பொரோமேயோ 1577-இல் வெளியிட்ட ஆலயக் கட்டட விதிகளில் அதன் அமைப்பை நுணுக்கமாக வரையறுத்தார். 1614-இன் உரோமைச் சடங்கு நூல் அதனைப் பரவலாக்கியது. பெண்களின் பாதுகாப்பும் மானமும் அத்தடுப்பின் முக்கிய நோக்கங்கள். இந்தப் புனித இடத்தைச் சில குருக்கள் தீய எண்ணத்திற்குப் பயன்படுத்தினர் என்பதைத் திருச்சபையே மறைக்கவில்லை. 1741-இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் அத்தகையோர்மீது கடும் தண்டனைகளை விதித்துத் தனி ஆணையே வெளியிட்டார். மருத்துவர் கையிலேயே நஞ்சு இருந்தால் நோயாளி எங்கே போவார்? காயத்தைக் காட்டும் துணிவை மக்களிடம் கேட்கும் முன், அந்தத் துணிவுக்குத் துரோகம் செய்யாத குருக்களைத் திருச்சபை அவர்களுக்குத் தந்தாக வேண்டும். இன்றும் இக்கடன் நம்மேல் உள்ளது.

பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஜான்சேனியக் கடுமை பரவி, தகுதியற்றவன் என்ற பயத்தால் மக்களை நற்கருணையிலிருந்து விலக்கியது. அதை எதிர்த்து நின்றவர் புனித அல்போன்ஸ் லிகோரியார். முதலில் வழக்கறிஞராக இருந்து நீதிமன்றத்தை நன்கு அறிந்த அவரே, ஒப்புரவு வழங்கும் குரு முதலில் தந்தையாகவும், பின்னர் மருத்துவராகவும், ஆசிரியராகவும், நீதிபதியாகவும் இருக்க வேண்டும் என்று வரிசைப்படுத்தினார். தாமே மனச்சான்றின் வீண் நெருடல்களால் துன்புற்றவர் அவர். அதனால் அஞ்சும் ஆன்மாக்களை அவருக்கு அடையாளம் தெரிந்தது. 1950-இல் ஒப்புரவு வழங்குவோரின் பாதுகாவலராக அவர் அறிவிக்கப்பட்டார்.

நம் கடற்கரையில்

இந்த வரலாறு நம் மொழிக்கும் நெருங்கிய உறவுடையது. 1546-இல் இந்தியா வந்து முத்துக்குளித்துறையில் பணியாற்றிய இயேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளார், மொழிபெயர்ப்பாளர் துணையின்றி மக்களோடு பேசும் அளவுக்குத் தமிழைக் கற்றார். இடையில் ஒருவர் நின்று மொழிபெயர்க்க, தன் பாவத்தை எவர் சொல்லத் துணிவார்? அடிகளார் தமிழைக் கற்றதில் இந்த மேய்ப்புத் தேவையும் கலந்திருந்தது எனலாம். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்', 1579-இல் கொச்சியில் அச்சான 'கிரிசித்தியானி வணக்கம்' ஆகியவற்றை அடுத்து, 1580-இல் கொச்சியில் அவர் அச்சிட்டது பாவசங்கீர்த்தனத்திற்கு ஆயத்தம் செய்யும் கையேடு. தமிழ் எழுத்தில் அச்சேறிய தொடக்க கால நூல்களுள் ஒன்று ஆத்தும சோதனைக்கான நூல் என்பது நாம் எண்ணி மகிழத்தக்கது. அவரே புன்னைக்காயலில் ஏழைகளுக்கு மருத்துவமனை ஒன்றும் நிறுவினார். ஒரே கரம் இரு மருத்துவத்தையும் செய்தது.

கடலுக்கு அப்பால் இலங்கையிலும் இதே காட்சி. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்கள் விலக்கப்பட்டிருந்த காலத்தில், 1687-இல் கோவாவிலிருந்து ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் சேர்ந்தார் புனித யோசேப் வாஸ் அடிகளார். தமிழும் சிங்களமும் கற்று, இரவு வேளைகளில் வீடு வீடாகச் சென்று அருட்சாதனங்களை வழங்கினார். 1697-இல் கண்டியில் பெரியம்மை பரவி, அச்சத்தால் நோயாளிகள் கைவிடப்பட்டபோது, அவர்களைக் கழுவி, உணவளித்து, இறந்தோரை அடக்கம் செய்தார். 2015 சனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைக் கொழும்பில் புனிதராக அறிவித்தார். இரவில் பாவங்களைக் கேட்ட காதும், பகலில் அம்மைப் புண்களைக் கழுவிய கையும் அங்கே ஒருவருடையவை.

மீண்டும் மருத்துவமனை

1818-இல் பிரான்சின் ஆர்ஸ் என்னும் சிற்றூருக்குப் பங்குக்குருவாக வந்தார் புனித ஜான் மரிய வியான்னி. சில நூறு மக்களே வாழ்ந்த அவ்வூருக்கு, 1859-இல் அவர் இறக்கும்வரை நாடெங்கிலுமிருந்து மக்கள் திரண்டனர். நள்ளிரவு கடந்ததும் எழுந்து ஒருநாளில் பதினாறு மணி நேரம்கூட ஒப்புரவு வழங்கினார். தொடக்கத்தில் கண்டிப்பு மிகுந்தவராக இருந்த அவர், மக்களின் துயரங்களைக் கேட்கக் கேட்கக் கனிந்தார். மக்களுக்குச் சிறிய அபராதம் கொடுத்துவிட்டு, எஞ்சிய பரிகாரத்தைத் தாமே அவர்களுக்காகச் செய்தார். முன்னாளில் பணக்காரன் ஏழையை நோன்பிருக்க வைத்த கொடுமைக்கு நேர் எதிரானது இது. இங்கே மருத்துவரே நோயாளிக்காகப் பத்தியம் இருந்தார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் விருப்பப்படி, திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் காலத்தில் 1973 டிசம்பரில் புதிய ஒப்புரவுச் சடங்குமுறை வெளிவந்தது. இறைவார்த்தை வாசிப்பு, குருவும் விசுவாசியும் சேர்ந்து மன்றாடுதல், இறைவனுக்கு நன்றி கூறுதல் ஆகியன அதில் இடம்பெற்றன. பலர் கூடிச் செய்யும் வழிபாட்டோடு தனித்தனி அறிக்கையையும் மன்னிப்பையும் இணைக்கும் முறையும் வந்தது. தவக்காலத்தில் நம் பங்குகளில் நடைபெறும் ஒப்புரவு வழிபாடு இதன் கனியே. 1984-இல் வெளியான 'ஒப்புரவும் மனமாற்றமும்' பற்றிய திருத்தூது ஊக்கவுரையில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், இது நீதிமன்றச் செயலாக இருக்கும் அளவுக்குக் குணமளிக்கும் செயலும் ஆகும் என விளக்கினார். ஓராண்டுக்கு முன், 1983 டிசம்பரில், தம்மைச் சுட்டவரை உரோமைச் சிறையில் சந்தித்துக் கையைப் பிடித்துப் பேசியவர் அவர். அந்த ஊக்கவுரையின் முன்னுரை அச்சிறையறையிலேயே எழுதப்பட்டது எனலாம்.

நாம் கற்க வேண்டியவை

இந்த நெடும் பாதையிலிருந்து நாம் எடுத்துச் செல்ல வேண்டியவை யாவை?

முதலாவது, மறைத்த காயம் ஆறாது. மௌனமாய் இருந்தபோது எலும்புகளே நலிந்துபோயின என்பது முப்பத்திரண்டாம் திருப்பாடலின் அனுபவம். கருச்சிதைவு, குடிப்பழக்கம், உடன்பிறந்தாரோடு பாகப்பிரிவினையில் செய்த வஞ்சனை, பெற்றோரைக் கைவிட்ட குற்றம் ஆகியவற்றைப் பத்து, இருபது ஆண்டுகள் நெஞ்சில் பூட்டிவைத்து வாழ்வோர் நம் நடுவில் உண்டு. அவர்கள் எல்லா நவநாள்களுக்கும் வருவார்கள், தொட்டிக்கு மட்டும் வரமாட்டார்கள். அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியது ஒன்றே: நீங்கள் சொல்லப்போவது எதுவும் இந்த இரண்டாயிரம் ஆண்டுகளில் திருச்சபை கேட்காதது அன்று.

இரண்டாவது, இறைவேண்டல் இல்லாத அறிக்கை வெறும் பட்டியல். மனப்பாடம் செய்த அதே ஐந்து பாவங்களை அதே வரிசையில் ஒப்புவித்துச் செல்வதால் நோய் தீராது. ஆத்தும சோதனையை இறைவார்த்தையோடு தொடங்குவோம். மனஸ்தாப மந்திரத்தை மெதுவாகச் சொல்வோம். மன்னிப்புப் பெற்றபின் நன்றியாய்ச் சிறிது நேரம் ஆலயத்தில் அமர்வோம். சங்கீர்த்தனம் என்னும் சொல்லின் மறுபாதி அதுவே.

மூன்றாவது, பாதிக்கப்பட்டவரை மறந்த ஒப்புரவு அரைகுறை மருத்துவம். சக்கேயு மனம் மாறியதும் ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னார். கூலியாளின் கூலியைக் குறைத்தவர் அதைக் கொடுக்க வேண்டும். அவதூறு பேசியவர் பேசிய இடத்திலேயே திருத்த வேண்டும். சாதியின் பெயரால் அயலாரை இழிவுபடுத்தியவர், குருவிடம் மன்னிப்புப் பெற்ற பிறகு அந்த அயலாரின் வாசலுக்கும் போக வேண்டும். 'ஒப்புரவு' என்ற சொல் நம்மை அங்கேதான் அழைக்கிறது.

நான்காவது, இந்த அருட்சாதனம் மருத்துவரின் இடத்தைப் பறிப்பதில்லை. மனச்சோர்வு, உறக்கமின்மை, ஓயாத குற்றவுணர்வு ஆகியவை மூளையையும் மனத்தையும் சார்ந்த நோய்களாக இருக்கலாம். மன்னிக்கப்பட்ட பாவத்தையே மீண்டும் மீண்டும் அறிக்கையிட வருபவருக்கு, இன்னொரு பாவசங்கீர்த்தனத்தைவிட ஒரு நல்ல மனநல மருத்துவர் தேவைப்படலாம். மாத்திரையை நிறுத்திவிட்டுச் செபம் செய் என்று சொல்பவர் யாராயினும், அவர் திருச்சபையின் மரபைப் பேசுபவர் அல்லர்.

இதற்குச் சான்றாக ஒரு பெரியவரின் இறுதி நாட்களை நினைவுகூர்வோம். தம் பாவங்களையும் இறைப்புகழையும் ஒரே நூலில் கலந்து எழுதிய புனித அகுஸ்தினார், 430-இல் தம் இப்போ நகரம் முற்றுகையிடப்பட்டிருந்த வேளையில் நோயுற்றார். மனமாற்றத் திருப்பாடல்களைப் படியெடுத்துப் படுக்கைக்கு எதிரே சுவரில் வைக்கச் செய்து, அவற்றை வாசித்து வாசித்துக் கண்ணீர் சிந்தினார். எத்தகைய சிறந்த கிறித்தவரும் தகுந்த மனவருத்தமின்றி இவ்வுலகை விட்டுச் செல்லலாகாது என்று அவர் சொல்லிவந்ததாக அவருடைய நண்பரும் ஆயருமான பொசிதியு எழுதுகிறார். இறுதிப் பத்து நாட்கள் தம்மைத் தனிமையில் மன்றாட விடும்படி கேட்டுக்கொண்டார். மருத்துவர்கள் வரும் நேரத்திலும் உணவு வரும் நேரத்திலும் மட்டுமே கதவு திறக்கப்பட்டது.

அந்த அறையில் மருத்துவருக்கும் இடம் இருந்தது, மனவருத்தத்திற்கும் இடம் இருந்தது, இறைவேண்டலுக்கும் இடம் இருந்தது. அவர் உடல் பிழைக்கவில்லை. ஆயினும் குணமடையாமல் அவர் இறந்தார் என்று எவர் சொல்வார்? வரும் சனிக்கிழமை மாலை நம் ஆலயங்களில் தொட்டியின் விளக்கு எரியும். முடக்குவாதமுற்றவரை நால்வர் சுமந்து வந்தனர். தனியே வரக் கூசும் ஒருவருக்கு வழித்துணையாய்ச் செல்வோமாக. அதற்குமுன், நம் காயத்தையும் நாம் காட்டுவோமாக.